கணக்குக் கேட்க ஆள் இல்லாத ராஜா



"ஒரு ஊரிலே ஒரு ராஜா." இப்படித் தொடங்கும் கதைகளைச் சின்ன வயதில் நிறையக் கேட்டிருப்பீர்கள். கதையில் வரும் ராஜா சொன்னதெல்லாம் நடக்கும். அவரை எதிர்த்துப் பேச ஆள் இருக்காது. உண்மையிலேயே அப்படி ஒரு ராஜா இருந்தால் அந்த நாட்டு மக்களின் பாடு எப்படி இருக்கும்? அதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

இது கட்டுக்கதை இல்லை. நடந்த வரலாறு. நாடு பிரான்ஸ். ஐரோப்பாக் கண்டத்தின் மேற்கில் இருக்கிறது. ராஜாவின் பெயர் லூயி. அவருக்கு முன்பே அந்தப் பெயரில் 13 ராஜாக்கள் இருந்தார்கள். அதனால் இவரைப் பதினான்காம் லூயி என்பார்கள்.

அவர் 1643 முதல் 1715 வரை ராஜாவாக இருந்தார். அதாவது 72 ஆண்டுகள்! ஒரு சுதந்திர நாட்டை இவ்வளவு நீண்ட காலம் ஆண்டதாகத் தெளிவான ஆதாரம் உள்ள ராஜா வேறு யாரும் இல்லை. அவர் காலத்தில் பிரான்ஸில் சுமார் 2 கோடி மக்கள் வாழ்ந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் குடியானவர்கள்.

சிறுவன் கற்ற பாடம்

லூயி 1638-ம் ஆண்டு செப்டம்பர் 5-ம் தேதி பிறந்தார். தாய் தந்தைக்குத் திருமணமாகி 23 ஆண்டுகள் கழித்துப் பிறந்த பிள்ளை. அதனால் 'கடவுள் கொடுத்தவன்' என்று பெயர் வைத்தார்கள். பிள்ளைக்கு 5 வயது நிறையும் முன்பே தந்தை இறந்துவிட்டார். சிறுவன் ராஜாவானான். அவன் பெயரில் தாயும், மசாரின் என்ற மந்திரியும் நாட்டை ஆண்டார்கள்.

அப்போது நாட்டில் போர். வரிச் சுமை அதிகம். 1648-ல் பாரிஸ் நகரத்து நீதிபதிகள் சில கோரிக்கைகளை வைத்தார்கள். 'எங்கள் ஒப்புதல் இல்லாமல் புது வரி போடக் கூடாது. விசாரணை இல்லாமல் யாரையும் 24 மணி நேரத்துக்கு மேல் அடைத்து வைக்கக் கூடாது.' இவை அந்தக் கோரிக்கைகளில் இரண்டு. நியாயமான கோரிக்கைகள்தானே?

ஆனால் அது கலகமாக மாறியது. பிரபுக்களும் சேர்ந்துகொண்டார்கள். ஒவ்வொரு பிரபுவும் தன் லாபத்தைப் பார்த்தார். 1649 ஜனவரியில், குளிர்கால நள்ளிரவில், 10 வயது ராஜாவைத் தூக்கத்திலிருந்து எழுப்பிப் பாரிஸை விட்டுக் கூட்டிப் போனார்கள். 1651-ல் இன்னொரு இரவு. ராஜா தப்பி ஓடிவிட்டாரோ என்று சந்தேகப்பட்டு மக்கள் அரண்மனைக்குள் நுழைந்துவிட்டார்கள். சிறுவன் தூங்குவது போல் கண்ணை மூடிப் படுத்திருந்தான். மக்கள் வரிசையாக வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

அந்தச் சிறுவன் இதை ஆயுளுக்கும் மறக்கவில்லை. கேள்வி கேட்க விட்டால் கலகம் வரும் என்பதே அவன் கற்ற பாடம். ஏன் கேட்கிறார்கள் என்று அவன் யோசிக்கவில்லை. கேட்கும் வாயை எப்படி மூடுவது என்றுதான் யோசித்தான்.

எல்லாம் ஒருவர் கையில்

1661 மார்ச் மாதம் மசாரின் இறந்தார். ராஜாவுக்கு அப்போது 22 வயது. அடுத்த முதல் மந்திரி யார் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். ராஜா மந்திரிகளைக் கூப்பிட்டார். இனி முதல் மந்திரியே கிடையாது என்றார். தன் உத்தரவு இல்லாமல் எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடக் கூடாது என்றார். அன்று முதல் சாகும்வரை, 54 ஆண்டுகள், தானே ஆண்டார்.

'அரசு என்றால் நான்தான்' என்று அவர் சொன்னதாக ஒரு பேச்சு உண்டு. அவர் அப்படிச் சொன்னதற்கு ஆதாரம் இல்லை. ஆனால் அவர் ஆண்ட முறை அப்படித்தான் இருந்தது. எப்படி என்று பாருங்கள்.

பிரான்ஸில் பழைய சபை ஒன்று இருந்தது. பாதிரிமார்கள், பிரபுக்கள், பொதுமக்கள் ஆகிய மூன்று பிரிவினரின் பிரதிநிதிகளும் அதில் கூடுவார்கள். குறைகளைச் சொல்வார்கள். அந்தச் சபை 1614-ல் கடைசியாகக் கூடியது. லூயி தன் ஆட்சியில் ஒரு தடவை கூட அதைக் கூட்டவில்லை.

ராஜாவின் உத்தரவுகளை உயர் நீதிமன்றங்கள் பதிவு செய்ய வேண்டும். ஓர் உத்தரவு சரியில்லை என்றால், பதிவு செய்யும் முன்பே நீதிபதிகள் ஆட்சேபம் சொல்லலாம். 1673-ல் லூயி இதை மாற்றினார். முதலில் பதிவு செய்யுங்கள், பிறகு ஆட்சேபம் சொல்லுங்கள் என்றார். தாலி கட்டிய பிறகு பெண்ணுக்குச் சம்மதமா என்று கேட்பது போல!

யாரையாவது சிறையில் தள்ள வேண்டுமா? ராஜாவின் முத்திரை போட்ட ஒரு கடிதம் போதும். குற்றப் பத்திரிகை வேண்டாம். விசாரணை வேண்டாம். தண்டனைக் காலம் எவ்வளவு என்றும் சொல்ல வேண்டாம். பாரிஸில் இருந்த பாஸ்டில் கோட்டைச் சிறைக்கு இப்படிப் போனவர்கள் பலர்.

நல்லதும் நடந்தது

லூயி சோம்பேறி இல்லை. தினமும் பல மணி நேரம் மந்திரிகளோடு உட்கார்ந்து வேலை பார்த்தார். நாட்டுக்குச் சில நன்மைகளும் நடந்தன. அதையும் சொல்ல வேண்டும்.

அவருக்குக் கொல்பேர் என்ற திறமையான மந்திரி இருந்தார். கஜானாவின் வரவு செலவை ஒழுங்காக எழுத வைத்தார். சாலைகள் போட்டார். கண்ணாடி, துணி, கம்பளம் செய்யும் தொழில்களை வளர்த்தார். பிரான்ஸின் தெற்கே, கடலையும் ஆற்றையும் இணைத்துச் சுமார் 240 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு கால்வாய் வெட்டினார்கள். 1666-ல் தொடங்கி 1681-ல் முடித்தார்கள். அது இன்றும் இருக்கிறது. 1667 முதல் பாரிஸ் தெருக்களில் இரவு விளக்குகள் எரிந்தன.

ஆனால் கொல்பேர் சேர்த்த பணம் எங்கே போனது? அரண்மனைக்கும் போருக்கும் போனது.

தண்ணீர் இல்லாத ஊரில் நீரூற்றுகள்

பாரிஸுக்குப் பக்கத்தில் வெர்சாய் என்ற ஊர் உண்டு. வேட்டைக்குப் போனால் தங்குவதற்கு லூயியின் தந்தை அங்கே ஒரு மாளிகை கட்டியிருந்தார். லூயி அதை உலகமே வியக்கும் அரண்மனையாக மாற்றினார். 1682-ல் அரசாங்கத்தையே அங்கு கொண்டு போனார். அங்குள்ள ஒரு கூடத்தின் நீளம் 73 மீட்டர். அதன் சுவரில் 357 கண்ணாடிகள். அந்தக் காலத்தில் கண்ணாடி என்பது பெரிய பணக்காரர் வீட்டுப் பொருள்!

கட்டியவர்கள் யார்? 1685-ல் 36,000 பேர் அங்கே வேலை செய்ததாக அரண்மனையில் இருந்த ஒருவர் எழுதி வைத்திருக்கிறார். நோயாலும் விபத்தாலும் பலர் செத்தார்கள். இரவு நேரத்தில் பிணங்களை வண்டி வண்டியாக எடுத்துப் போகிறார்கள் என்று 1678-ல் ஒரு பெண்மணி தன் கடிதத்தில் எழுதினார்.

தோட்டத்தில் நூற்றுக்கணக்கான நீரூற்றுகள் வைத்தார் ராஜா. ஆனால் அந்த இடத்தில் தண்ணீர் போதாது. எல்லா ஊற்றையும் ஒரே நேரத்தில் ஓட விட முடியாது. அதனால் ஒரு தந்திரம் செய்தார்கள். ராஜா நடந்து வரும்போது ஒரு வேலைக்காரர் விசில் அடிப்பார். முன்னால் இருக்கும் ஊற்று பீறிடும். ராஜா தாண்டிப் போனதும் அதை மூடிவிடுவார்கள். அடுத்ததைத் திறப்பார்கள்.

தூரத்து ஆறு ஒன்றிலிருந்து தண்ணீர் கொண்டுவர 1685-ல் பெரிய வாய்க்கால் வேலை தொடங்கியது. ஆயிரக்கணக்கான போர்வீரர்களை மண் வெட்ட அனுப்பினார்கள். காய்ச்சலில் அவர்கள் கூட்டம் கூட்டமாகச் செத்தார்கள். 1688-ல் போர் வந்தது. வேலை பாதியில் நின்றது. பிறகு முடிக்கவே இல்லை. 'இது தேவைதானா?' என்று கேட்டுத் தடுக்க ஒருவருக்கும் அதிகாரம் இல்லை.

பிரபுக்கள் என்ன செய்தார்கள்? அரண்மனையிலேயே குடியிருந்தார்கள். காலையில் ராஜா எழும்போது சட்டை எடுத்துக் கொடுப்பது பெருமை. இரவில் ராஜா படுக்கப் போகும்போது மெழுகுவத்தி பிடிப்பதும் பெருமை. ஒரு காலத்தில் படை திரட்டிக் கலகம் செய்த குடும்பங்கள், இப்போது மெழுகுவத்தி பிடிக்கப் போட்டி போட்டன.

செலவு யார் தலையில்?

அங்கே முக்கியமான நேரடி வரி ஒன்று இருந்தது. ஆனால் பிரபுக்களுக்கு அதில் விலக்கு. பாதிரிமார்களுக்கும் விலக்கு. நிறைய நிலம் வைத்திருந்தவர்கள் அவர்கள்தான். வரிச் சுமை குடியானவர் தலையில் விழுந்தது.

உப்புக்கும் வரி உண்டு. பல மாகாணங்களில் அரசாங்கக் கிடங்கில்தான் உப்பு வாங்க வேண்டும். வேண்டாம் என்று சொல்ல முடியாது. 8 வயது தாண்டிய ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு இவ்வளவு என்று கணக்கு. அந்த உப்பைச் சாப்பாட்டுக்கு மட்டும்தான் பயன்படுத்தலாம். இறைச்சியை உப்புக்கண்டம் போட வேண்டுமானால் தனியாக வாங்க வேண்டும்! ஒரு மாகாணத்தில் உப்பு மலிவு. பக்கத்து மாகாணத்தில் அதே உப்புக்குப் பல மடங்கு விலை. அதனால் ஏழைகள் எல்லை தாண்டி உப்புக் கடத்தினார்கள். பிடிபட்டால் கடும் தண்டனை. கப்பலில் சங்கிலி போட்டுக் கட்டித் துடுப்பு வலிக்க வைத்தார்கள்.

உப்பு வரி போன்ற வரிகளை வசூலிக்கும் உரிமையை அரசாங்கம் பணக்காரர்களுக்குக் குத்தகைக்கு விட்டது. குத்தகைதாரர் ராஜாவுக்கு ஒரு தொகை கொடுத்துவிடுவார். மக்களிடம் அதற்கு மேல் வசூலிப்பார். மிச்சம் அவருக்கு.

மக்கள் ஏன் கணக்குக் கேட்கவில்லை? கேட்க ஒரு சபை இல்லை. இன்னொரு காரணமும் உண்டு. உத்தரவு காகிதத்தில் வந்தது. படிக்கத் தெரிந்தவர்கள் குறைவு. அக்காலத் திருமணப் பதிவேடுகள் பல இன்றும் இருக்கின்றன. பிற்காலத்தில் அவற்றை ஆராய்ந்து எண்ணிப் பார்த்தார்கள். 1686 முதல் 1690 வரை, 100 மணமகன்களில் 29 பேர்தான் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். 100 மணமகள்களில் 14 பேர்தான். மற்றவர்கள் கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள்.

முத்திரைத்தாள் கலகம்

இருந்தாலும் மக்கள் ஒரேயடியாக வாய் மூடி இருக்கவில்லை. முத்திரைத்தாள் என்றால் உங்களுக்குத் தெரியும். பத்திரம் எழுத வாங்குவோமே, அதுதான். போர்ச் செலவுக்காக லூயியின் அரசாங்கம் முத்திரைத்தாளைக் கட்டாயமாக்கியது. புகையிலைக்கும் ஈயப் பாத்திரத்துக்கும் வரி போட்டது.

பிரான்ஸின் மேற்கு ஓரத்தில் பிரிட்டனி என்ற மாகாணம் இருக்கிறது. 1675-ல் அங்கே கலகம் வெடித்தது. முதலில் நகரங்களில், பிறகு கிராமங்களில். சிவப்புக் குல்லாய் போட்ட குடியானவர்கள் திரண்டார்கள். பத்திரம் எழுதும் தொழில் செய்த லெ பால்ப் என்பவர் ஒரு பகுதியில் அவர்களுக்குத் தலைமை தாங்கினார். சில ஊர்களில் குடியானவர்கள் தங்கள் கோரிக்கைகளை வரிசையாக எழுதியே வைத்தார்கள். பிரபுக்களுக்குக் கூலி இல்லாமல் செய்யும் வேலை ஒழிய வேண்டும் என்பது அதில் ஒன்று.

ராஜாவின் படை வந்தது. லெ பால்ப் கொல்லப்பட்டார். பலரைத் தூக்கில் போட்டார்கள். கோயில் மணி அடித்துத்தானே ஊரைக் கூட்டினார்கள்? அதற்குத் தண்டனையாகச் சில ஊர்களில் மாதாகோயில் மணிக்கூண்டை இடித்துவிட்டார்கள்.

மனசாட்சிக்கும் உத்தரவு

ராஜா கத்தோலிக்கக் கிறிஸ்தவர். மக்களில் பெரும்பாலோரும் அப்படியே. ஆனால் புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவர்களும் லட்சக்கணக்கில் இருந்தார்கள். அவர்கள் தங்கள் முறைப்படி வழிபடலாம் என்று லூயியின் தாத்தா 1598-ல் உறுதி கொடுத்திருந்தார்.

ஒரே நாடு, ஒரே ராஜா, எனவே ஒரே மதம் என்று நினைத்தார் லூயி. புராட்டஸ்டன்ட் வீடுகளில் போர்வீரர்களைத் தங்க வைத்துத் தொல்லை கொடுத்தார்கள். 1685-ல் தாத்தாவின் உறுதிமொழியை ராஜா ரத்து செய்தார். கோயில்களை இடித்தார்கள். போதகர்களை நாட்டை விட்டுத் துரத்தினார்கள். மற்றவர்கள் வெளியேறவும் கூடாது என்று தடை போட்டார்கள்.

தடையை மீறிச் சுமார் 2 லட்சம் பேர் தப்பிப் போனார்கள். இரவோடு இரவாக மலை தாண்டியும் கடல் தாண்டியும் போனார்கள். நெசவாளர்கள், கடிகாரம் செய்பவர்கள், வியாபாரிகள், போர்வீரர்கள் என்று பலர். ஹாலந்தும் இங்கிலாந்தும் ஜெர்மனியும் அவர்களை வரவேற்றன. பிரான்ஸ் தன் தொழில் திறமையைப் பகை நாடுகளுக்குத் தானே தாரை வார்த்தது.

அதே 1685-ல் இன்னொரு சட்டமும் வந்தது. கடல் தாண்டிய பிரெஞ்சுத் தீவுகளில் கரும்புத் தோட்டங்கள் இருந்தன. அங்கே ஆப்பிரிக்க மக்கள் அடிமைகளாக உழைத்தார்கள். மனிதரை அசையும் சொத்தாக எழுதி வைத்தது அந்தச் சட்டம்.

போருக்கு மேல் போர்

லூயி தானே ஆண்ட 54 ஆண்டுகளில் பாதிக்கு மேல் போரில் கழிந்தது. 1667, 1672, 1688, 1701 ஆகிய ஆண்டுகளில் நான்கு பெரிய போர்கள் தொடங்கின. கடைசிப் போர் 1714 வரை நடந்தது. உச்ச காலத்தில் படையில் 3 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் இருந்தார்கள்.

அந்தப் போர் நம் கரையையும் தொட்டது. 1664-ல் கொல்பேர் தொடங்கிய வியாபாரக் கம்பெனி 1674-ல் புதுச்சேரியில் காலூன்றியது. ஐரோப்பாவில் பிரான்ஸும் ஹாலந்தும் போரிட்டதால், 1693-ல் டச்சுக்காரர்கள் புதுச்சேரியைப் பிடித்தார்கள். ஐரோப்பாவில் 1697-ல் சமாதானம் ஏற்பட்டது. அதன்படி ஊர் மறுபடியும் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனது. புதுச்சேரி மக்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

போர் நடக்கும்போதே விளைச்சலும் பொய்த்தது. 1693, 1694 ஆகிய ஆண்டுகளில் பஞ்சம். பசியாலும் நோயாலும் வழக்கத்தைவிடச் சுமார் 13 லட்சம் பேர் கூடுதலாக இறந்தார்கள் என்று வரலாற்று ஆய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள். மழையும் குளிரும் ராஜாவின் குற்றம் இல்லை. ஆனால் குடியானவர் வீட்டில் சேமிப்பு என்று எதையும் வரி விட்டு வைக்கவில்லை. அது யார் குற்றம்?

எண்ணிப் பார்த்த ஒருவர்

இனி ஒரு நல்ல மனிதரைப் பார்ப்போம். அவர் பெயர் வோபான். கோட்டை கட்டும் பொறியாளர். லூயியிடம் 50 ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தவர். எல்லைகளில் அவர் கட்டிய கோட்டைகள் இன்றும் நிற்கின்றன. ராஜா அவருக்குப் படையிலேயே மிக உயர்ந்த பட்டம் கொடுத்தார்.

கோட்டை வேலைக்காக வோபான் நாடெங்கும் சுற்றினார். போகும் ஊரிலெல்லாம் மக்களைப் பார்த்தார். கேட்டார். எண்ணினார். எழுதிக்கொண்டார். எத்தனை வீடு, எத்தனை ஆள், எத்தனை மாடு, எவ்வளவு நிலம் என்று குறித்தார். தன் சொந்தப் பகுதியைப் பற்றி 1696-ல் ஓர் அறிக்கை எழுதினார். அங்கே ஏழைகள் தவிடு நீக்காத பார்லி ரொட்டி தின்கிறார்கள், ஆண்டுக்கு மூன்று தடவை கூட இறைச்சி பார்ப்பதில்லை, உப்பும் குறைவாகவே சேர்க்கிறார்கள் என்று அதில் சொன்னார்.

கடைசியில் ஒரு புத்தகம் எழுதினார். நாட்டில் பத்தில் ஒரு பங்கு மக்கள் பிச்சை எடுக்கிறார்கள் என்றார். பத்தில் ஐந்து பங்கு பிச்சை போடக் கூட வசதி இல்லாதவர்கள். மூன்று பங்கு கடனிலும் வழக்கிலும் தவிப்பவர்கள். மீதி ஒரு பங்குதான் வசதியானவர்கள்.

இதற்கு அவர் ஒரு வழியும் சொன்னார். பழைய நேரடி வரியை எடுத்துவிட வேண்டும். எல்லோரும் வருமானத்தில் ஒரு பங்கு வரி கட்ட வேண்டும். அது பத்தில் ஒன்றுக்கு மேல் போகக் கூடாது. பிரபுவும் கட்ட வேண்டும். பாதிரியாரும் கட்ட வேண்டும். ராஜாவின் சொந்த நிலத்துக்கும் வரி உண்டு. உப்பு விலையைக் குறைக்க வேண்டும்.

என்ன நடந்தது தெரியுமா? 1707-ம் ஆண்டு தொடக்கத்தில் புத்தகம் தடை செய்யப்பட்டது. பிரதிகளைப் பறிமுதல் செய்ய உத்தரவு வந்தது. அதே மார்ச் 30-ம் தேதி வோபான் இறந்தார். அவருக்கு வயது 73. அவர் கலகக்காரர் இல்லை. ராஜாவை நேசித்தவர். அப்படிப்பட்டவர் காட்டிய கணக்கைக் கூட அரசாங்கம் பார்க்கத் தயாராக இல்லை.

ராஜா எழுதிய கடிதம்

1709 ஜனவரியில் கடும் குளிர் வந்தது. ஆறுகள் உறைந்து போயின. மண்ணுக்குள் கோதுமைப் பயிர் செத்தது. திராட்சைக் கொடிகளும் மரங்களும் பட்டுப் போயின. அந்த ஆண்டிலும் அடுத்த ஆண்டிலும் சேர்ந்து சுமார் 6 லட்சம் பேர் கூடுதலாக இறந்தார்கள். போரிலும் தோல்விக்கு மேல் தோல்வி. அரண்மனையின் தங்கத் தட்டுகள் கூட உருக்கி நாணயமாக்கப் போயின.

ராஜா சமாதானம் கேட்டார். எதிரிகள் கடுமையான நிபந்தனை போட்டார்கள். ஸ்பெயின் நாட்டு ராஜாவாக இருந்த அவருடைய பேரனை, அவரே படை அனுப்பி விரட்ட வேண்டும் என்றார்கள்.

அப்போது லூயி ஒரு காரியம் செய்தார். 1709 ஜூன் 12-ம் தேதி மாகாண ஆளுநர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். அது மக்களுக்கான கடிதம். அச்சடித்து நாடெங்கும் பரப்பினார்கள். சமாதானத்துக்குத் தான் எவ்வளவு முயன்றேன், ஏன் முடியவில்லை என்று அதில் விளக்கினார். மக்களின் உதவியைக் கேட்டார்.

யோசித்துப் பாருங்கள். யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை என்று வாழ்ந்த ராஜா. அவரும் கடைசியில் மக்களுக்குப் பதில் சொல்ல வேண்டி வந்தது. மக்கள் இல்லாமல் படை இல்லை. மக்கள் இல்லாமல் கஜானா இல்லை. அந்த உண்மையை உணர 70 வயது ஆயிற்று.

1710-ல் இன்னொன்றும் நடந்தது. வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு வரி, பிரபுக்களுக்கும் உண்டு என்று ராஜா உத்தரவு போட்டார். வோபான் சொன்னது போலவே தோன்றும். ஆனால் பழைய வரிகளை எடுக்கவில்லை. அவற்றுக்கு மேலே இது இன்னொரு வரி! ஏழைக்குச் சுமை குறையவில்லை.

அதற்குப் பிறகு

1715 செப்டம்பர் 1-ம் தேதி லூயி இறந்தார். காலில் ஏற்பட்ட புண் அழுகி மேலே பரவியது. மகனும் மூத்த பேரனும் அவருக்கு முன்பே இறந்துவிட்டார்கள். 5 வயதுக் கொள்ளுப் பேரன்தான் அடுத்த ராஜா. சாகும் முன்பு அந்தக் குழந்தையை அழைத்துப் புத்தி சொன்னார். கட்டடங்கள் மேலும் போர் மேலும் தனக்கிருந்த ஆசை உனக்கு வேண்டாம் என்றார். மக்களின் சுமையைக் குறைக்கப் பார் என்றார். நல்ல புத்திதான். 54 ஆண்டுகள் தாமதமாக வந்தது.

சவ ஊர்வலம் போன வழியில் மக்கள் குடித்துப் பாடிக் கொண்டாடினார்கள் என்று அக்காலத்தவர் எழுதியிருக்கிறார்கள். அவர் விட்டுப் போனவற்றில் பெரியது கடன்.

அடுத்து வந்த ராஜாக்களும் அதே வழியில் ஆண்டார்கள். கடன் ஏறிக்கொண்டே போனது. கடைசியில், 175 ஆண்டுகள் கழித்து, 1789-ல் அந்தப் பழைய சபையைக் கூட்டியே தீர வேண்டியதாயிற்று. அதற்கு முன்பு ஊர் ஊராக மக்கள் கூடினார்கள். தங்கள் குறைகளை ஏடுகளில் எழுதினார்கள். வரியைப் பற்றி எழுதினார்கள். உப்பைப் பற்றி எழுதினார்கள். அந்தக் குறை ஏடுகள் ஆயிரக்கணக்கில் இன்றும் இருக்கின்றன. அதற்குள் கையெழுத்துப் போடத் தெரிந்தவர்களும் கூடியிருந்தார்கள். 1786 முதல் 1790 வரை, 100 மணமகன்களில் 47 பேரும், 100 மணமகள்களில் 27 பேரும் கையெழுத்துப் போட்டார்கள்.

1789-ல்தான் பிரெஞ்சுப் புரட்சி வந்தது. பாஸ்டில் சிறை விழுந்தது. அக்டோபரில் பாரிஸ் பெண்கள் ரொட்டி கேட்டு வெர்சாய்க்கே நடந்து போனார்கள். ராஜாவைப் பாரிஸுக்கு அழைத்து வந்தார்கள். அடுத்த ஆண்டு உப்பு வரி ஒழிந்தது.

அந்த 1789 ஆகஸ்டில் வெளியிட்ட மனித உரிமைப் பிரகடனத்தில் 17 பிரிவுகள் உண்டு. அதில் 15-வது பிரிவு சிறியது. எந்த அரசு அதிகாரியிடமும் அவருடைய நிர்வாகத்துக்குக் கணக்குக் கேட்கச் சமுதாயத்துக்கு உரிமை உண்டு என்பதே அதன் பொருள். லூயியின் 54 ஆண்டுகளில் இல்லாமல் போனது எதுவோ, அதையே மக்கள் எழுதி வைத்துக்கொண்டார்கள்.

நண்பர்களே! லூயி கெட்டிக்காரர். உழைப்பாளி. இருந்தும் அவர் செய்த தவறுகள் பெரிதாகிக்கொண்டே போயின. 'நிறுத்துங்கள்' என்று சொல்லும் உரிமை யாருக்கும் இல்லாததே அதற்குக் காரணம். ராஜா நல்லவரா கெட்டவரா என்ற கேள்வி மட்டும் போதாது. அவரிடம் கணக்குக் கேட்க முடியுமா என்ற கேள்வியும் வேண்டும்.

நம் நாட்டில் இன்று ராஜா இல்லை. வாக்கு இருக்கிறது. கிராம சபை இருக்கிறது. அங்கே ஊராட்சியின் வரவு செலவைக் கேட்கலாம். அரசு அலுவலகத்தில் தகவல் கேட்க 2005-ல் தனிச் சட்டமே வந்திருக்கிறது. வோபான் செய்தது என்ன? பார்த்தார், எண்ணினார், எழுதினார். எழுத்தும் எண்ணும் தெரிந்த எவரும் அதைச் செய்யலாம். அடுத்த கிராம சபையில் கணக்கை வாசிக்கும்போது, கையில் ஒரு நோட்டும் பென்சிலும் வைத்துக்கொண்டு உட்காருங்கள். புரியாத இடத்தில் கையைத் தூக்கிக் கேளுங்கள்.